மழை, மூடுபனிக்கு நடுவே ஒரு வாரம் வீட்டுக்கல்வி: 4, 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கையால் செய்யும் பாடங்கள்

கோத்தகிரி பெற்றோர் (கேள்வி):

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் வீடு. பெரியவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4. நவம்பரில் ஒரு வாரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முழுக்கக் கையால் செய்து பழகும் பாடமாகவே நடத்த இருக்கிறோம். காலை 9 மணியிலிருந்து 12 வரைதான் பெரியவர் ஒருவர் முழுசாகக் கூடவே இருக்க முடியும்.

கிடைக்கிற செய்முறைகள் எல்லாம் கீழே இருக்கிறவங்களுக்காக எழுதினது. "இரண்டு நாள் வெயிலில் காயவைக்கவும்", "மறுநாளே முளைவிட்டிருக்கும்" என்று போட்டிருக்கு. இங்கே நவம்பரில் துவைத்த துணியே மூணு நாளைக்குக் காயாது. ஓவன் கிடையாது. கேஸ் அடுப்பு, குக்கர், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருக்கு. வீட்டை ஒட்டிக் கொஞ்சம் தேயிலைச் செடி இருக்கு, மருந்து அடிக்கிறதில்லை.

இந்த ஈரத்திலும் குளிரிலும் எதெல்லாம் சரியா வரும்? விதை முளைக்கிறதை ஒரே வாரத்துக்குள் காட்ட வழி உண்டா? இலையைப் பறிச்சு வீட்டிலேயே டீத்தூள் ஆக்க முடியுமா? ரெண்டு வயசுக்கும் ஒரே வேலையை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கிறது?

குன்னூர் சாரல்:

வணக்கம்ங்க. முதல் காரியமா, காய்ந்தாகணும்கிற வேலை எல்லாத்தையும் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. மைதாவும் உப்பும் பிசைஞ்சு பண்ற பொம்மை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு காற்றில் இருந்தே தண்ணியை இழுக்க ஆரம்பிக்கும். நவம்பரில் நம்ம பக்கம் பெரும்பாலும் அதுக்கு மேலதான் நிற்கும். அதனால பொம்மை காயாது, வேர்த்து வேர்த்துத் தன் எடையிலேயே சரிஞ்சிடும். காகிதக் கூழும் அப்படித்தான், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

அதுக்குப் பதிலா, காயவே வேண்டாத மாவு கிளறி வைங்க. மைதா 1 கப், உப்பு அரை கப், தண்ணி 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. கட்டி இல்லாமக் கரைச்சு, சின்னத் தீயில அல்வா மாதிரி பாத்திரத்தை விட்டு வர்ற வரைக்கும் கிளறணும், நாலஞ்சு நிமிஷம் ஆகும். ஆறினதும் பிசைஞ்சு மூடி போட்ட டப்பாவில வெச்சா வாரம் முழுக்க வரும். கையில ஒட்டுச்சுன்னா இன்னும் ஒரு நிமிஷம் தீயில காட்டுங்க, மேல மாவு தூவ வேண்டாம். தூவினா மறுநாள் வெடிக்கும்.

மூடுபனியைத் தடையா நினைக்காதீங்க. கீழே இருக்கிற பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாடம் அதுலதான் இருக்கு. நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் டப்பா ரெண்டு எடுங்க, ஒரே அளவு, 15 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். ஒண்ணை வெட்டவெளியிலும் இன்னொண்ணை ஒரு சைப்ரஸ் மரத்தடியிலோ சோலை மரத்தடியிலோ வைங்க. தினமும் காலையில 8.30-க்கு உள்ளே ஸ்கேலை நிறுத்தி அளந்து எழுதணும். வானிலைத் துறை மழை அளக்கிறதும் அதே 8.30-க்குத்தான், அதனால செய்தியில வர்ற அளவோட ஒப்பிட முடியும். மழை பெய்ஞ்ச நாள்ல வெட்டவெளி டப்பாவில தண்ணி அதிகமா இருக்கும். மழையே இல்லாம மூடுபனி மட்டும் ஓடின நாள்ல வெட்டவெளி டப்பா காஞ்சு கிடக்கும், மரத்தடி டப்பாவில தண்ணி சேர்ந்திருக்கும். பனித்துளி ரொம்பப் பொடிசு, தானா கீழே விழாம மிதக்கும். இலையில மோதினாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கனத்துச் சொட்டும். "மரம் எதுக்கு?"ன்னு ஏழு வயசுப் பொண்ணு கேட்டா, இந்த ரெண்டு டப்பாவைக் காட்டினாப் போதும்.

இதுல தப்பு நடக்கிற இடங்கள் தெரிஞ்சிருக்கட்டும். ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலேயே தொடங்காது, முன்னாடி அரை செ.மீ. வெத்து இடம் இருக்கும். அதை அறுத்துடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு நாளும் 5 மி.மீ. குறைவா வரும். டப்பாவின் அடி குழிஞ்சோ மேடாவோ இருந்தா, அடி மறையிற அளவுக்குத் தண்ணி ஊத்தி அந்த மட்டத்தைக் கழிச்சுக்குங்க. வீட்டுக் கூரைக்குக் கிட்ட வெட்டவெளி டப்பாவை வைக்கக் கூடாது. சுவர் எவ்வளவு உயரமோ அதுல ரெண்டு மடங்கு தள்ளி வைக்கணும். டப்பா காத்துல சாயாம இருக்க சுத்தியும் நாலு கல்லை அணைச்சு வைங்க, கல்லு விளிம்புக்கு மேல வந்தா தெறிச்சு விழும்.

பெரியவள் அளந்து எழுதட்டும். சின்னவன் ஒரு காகிதத்தில அதே உயரத்துக்கு நீலப் பட்டை ஒட்டட்டும். வாரக் கடைசியில பட்டைகள் வரிசையா நின்னு வரைபடமாயிடும், அதுக்குன்னு தனியா ஒரு வகுப்பு வேண்டாம்.

கொழுந்து:

தேயிலை கட்டாயம் முடியும்ங்க. உங்க 9-லிருந்து 12 நேரத்துக்குள்ளேயே ரெண்டு காலையில முடிச்சிடலாம். ஓவன் வேண்டாம்.

முதல் நாள் 11 மணிக்கு மேல, இலை மேல இருக்கிற ஈரம் போனப்புறம் பறிக்கணும். ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதுக்குக் கீழே இருக்கிற முத்தின இலை சுருளாது, உடையும். சின்னவனுக்கு "விரல்ல மடக்கினா ஒடியாம வளையணும்"னு சொல்லிக் கொடுத்தாப் போதும். தராசுல சரியா 100 கிராம் வெச்சுக்குங்க. 100-ல தொடங்கினா அப்புறம் வர்ற எடை எல்லாம் தானாவே சதவீதம் ஆயிடும், சதவீதம்கிற வார்த்தையே சொல்ல வேண்டியதில்லை. இதுக்கு வெளியே இன்னொரு 20 கிராம் தனியா எடுத்து வைங்க, காரணம் கீழே.

மூங்கில் முறத்துல பருத்தித் துணி விரிச்சு, இலையை ஒரே அடுக்கா பரப்பி, சமையலறையிலேயே இரவு முழுக்க விடுங்க. ஃபேக்டரியில அடியில இருந்து காத்து ஊதுவாங்க. வீட்டுல அது இல்லாததால மழைக்கால ஈரத்துல 18, 20 மணி நேரம் ஆகும். மறுநாள் காலையில எடை பார்த்தா 70 கிராம் பக்கம் வந்திருக்கணும். 85-க்கு மேல இருந்தா இன்னும் வாடலைன்னு அர்த்தம். அந்த நிலையில உருட்டினா இலை பொடிப்பொடியா கிழிஞ்சு சாறு வழிஞ்சு வீணாப் போகும். அடுப்புக்கு ரெண்டடி தள்ளி இன்னும் ஒரு மணி நேரம் வைங்க. தீக்குப் பக்கத்துல வெச்சா ஓரம் கருகும், நடு வாடாது.

9 மணிக்கு உருட்டல். ரெண்டு உள்ளங்கைக்கும் முறத்துக்கும் நடுவுல வெச்சு ஒரே திசையில உருட்டணும், 20 நிமிஷம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுதான், கை பச்சையாகிப் பிசுபிசுக்கும். பிறகு ஒரு செ.மீ. தடிமனா பரப்பி, பிழிஞ்ச ஈரத்துணியால மூடி ஒன்றரை மணி நேரத்தில இருந்து ரெண்டு மணி நேரம் விடுங்க. குளிர்ல மெதுவாத்தான் நிறம் மாறும். அரை மணிக்கு ஒருதரம் துணியைத் தூக்கிப் பார்த்து நிறத்தையும் வாசனையையும் சொல்லச் சொல்லுங்க. புல் வாசனை போய்ப் பழ வாசனை வரும், பச்சை செம்பு நிறமாகும். செம்பு நிறம் வந்தவுடனே கனமான இருப்புச் சட்டியில, மிகச் சின்னத் தீயில 20, 25 நிமிஷம் பெரியவங்க கிளறணும். தோசைக்கல்லை எடுக்காதீங்க, எண்ணெய் வாசனையைத் தேயிலை உடனே பிடிச்சுக்கும். காம்பு 'டக்'குன்னு ஒடிஞ்சா காஞ்சிடுச்சு. முடிவுல 22, 23 கிராம் இருக்கும். ஆறினதும் உடனே மூடி வைங்க, வெளியே வெச்சா சாயங்காலத்துக்குள்ள நமுத்துப் போயிடும்.

தனியா எடுத்த 20 கிராமை உருட்டறதுக்கு முன்னாடி இட்லிப் பாத்திரத்துல ரெண்டு நிமிஷம் ஆவியில வேகவெச்சுட்டு, அப்புறம் அதே மாதிரி உருட்டி, மூடி, சட்டியில காயவைங்க. இது கடைசி வரைக்கும் பச்சையாவே இருக்கும். இலைக்குள்ள நிறம் மாத்துற நொதியைச் சூடு நிறுத்திடுது, அவ்வளவுதான். ஒரே செடி, ஒரே நாள், ரெண்டு நிறம். வெட்டின ஆப்பிள் கறுக்கிறதும் இதே வேலைதான்னு பக்கத்துல ஒரு துண்டு வெச்சுக் காட்டுங்க.

ஒரு எச்சரிக்கை. உங்க செடியில மருந்து இல்லைன்னாலும், மேல்பக்கம் வேற தோட்டம் இருந்து அங்கே அடிச்சா காத்துல வரும். பறிக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பொழுது சாயுற நேரத்துல பிள்ளைகளைத் தேயிலைக்குள்ள விடாதீங்க, கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும் வர்றது உங்களுக்கே தெரியும்.

கொடை மேல்மலை:

விதை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பச்சைப்பயறும் தட்டைப்பயறும் வெப்பம் கேட்கிற விதைகள். 15 டிகிரியில் சோம்பிக் கிடக்கும், அதற்குள் தண்ணீர் நாறி விதை அழுகும். குளிரில் முளைக்கக் கூடியவை வெந்தயம், கடுகு, முள்ளங்கி, பட்டாணி. ஒரு வாரம்தான் என்றால் வெந்தயத்தையும் கடுகையும் நம்பலாம். பட்டாணிக்கு அஞ்சாறு நாள் ஆகும், ஆனால் வேர் பெரிதாகத் தெரியும் என்பதால் நாலு விதை சேர்த்துப் போடுங்கள். கடையில் உடைத்த பட்டாணி வாங்கிவிடாதீர்கள். முழுசாக இருந்தால்தான் முளைக்கும்.

ஞாயிறு இரவு ஊறவையுங்கள். திங்கள் காலை கண்ணாடி டம்ளரின் உட்புறம் பழைய பருத்தித் துணியைச் சுருட்டி நிறுத்தி, கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே விதைகளைச் செருகுங்கள். அடியில் ஒரு செ.மீ. தண்ணீர் போதும், துணி இழுத்துக்கொள்ளும். விதை தண்ணீரில் மூழ்கினால் காற்று கிடைக்காமல் அழுகும். பலருக்கும் வீணாவது இங்கேதான். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். புதன் அல்லது வியாழன் வேர் ஒரு செ.மீ. வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத்துணியோடு டம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மறுநாளே வேர் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். வேருக்குக் கீழ்த்திசை தெரிகிறது என்பதை வேறெந்தப் படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

பச்சைப்பயற்றை ஒதுக்கவும் வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வைத்து, ஒன்றை அடுப்படி அலமாரியிலும் இன்னொன்றைத் திண்ணையிலும் வையுங்கள். முதலாவது முளைத்து நிற்கும்போது இரண்டாவது அப்படியே இருக்கும். குளிர் என்ன செய்கிறது என்பதற்கு அதுவே விடை. இட்லி மாவையும் இதே மாதிரி இரண்டு கிண்ணமாக வைத்துப் பார்க்கலாம்.

உயரம் பற்றியும் ஒரு பாடம் செய்யுங்கள். உங்கள் 1,800 மீட்டரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஆய்வகத்தில் பயன்படுத்தும், 110 டிகிரி வரை உள்ள சிவப்புத் திரவ வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் விடவே கூடாது, வெடிக்கும். பாதரசம் உள்ளதும் வேண்டாம். குமிழ் பாத்திரத்தின் அடியில் தொட்டால் அளவு தப்பாக வரும், நடுத்தண்ணீரில் தொங்க வேண்டும். இதைப் பெரியவர் பிடிக்க, பெண் எட்ட நின்று எண்ணைப் படிக்கட்டும். ஒரே அளவாக வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டுகளைத் திறந்த பாத்திரத்தில் ஐந்தும் குக்கரில் ஐந்தும் வேகவைத்து, ஒரே நேரத்தில் எடுத்து முள்கரண்டியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். "கொதித்தால் சூடு ஒன்றுதானே" என்ற எண்ணம் அப்போதே மாறும். குக்கரிலும் மலையில் உள்வெப்பம் கீழே இருப்பதைவிடச் சுமார் 3 டிகிரி குறைவு, அதனால்தான் பருப்புக்கு ஒரு விசில் கூடுதலாக விட வேண்டியிருக்கிறது.

வெயில் வந்தால் அது பெரும்பாலும் காலையில்தான், பதினோரு மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும். எனவே சூரியன் தொடர்பானதை எந்த நாளுக்கென்றும் ஒதுக்காதீர்கள். அட்டையைத் தயாராக வைத்து, வெயில் எட்டிப் பார்த்தவுடன் மற்ற வேலையை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஜன்னலை முழுக்க அட்டையால் அடைத்து அதில் 3 மி.மீ. அளவில் ஒரு முக்கோண ஓட்டையும், ஒரு சாண் தள்ளி ஒரு சதுர ஓட்டையும் வெட்டுங்கள். ஒளி நுழையும் பாதையில் 3 மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளைப் பிடித்தால் இரண்டும் வட்டமாகவே விழும், சுமார் 28 மி.மீ. விட்டத்தில். அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். மெல்லிய மேகம் ஓடுவதும் அதில் தெரியும். கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899-ல் அமைந்தது. இன்றைக்கும் அங்கே சூரியனின் பிம்பத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எண்ணும் கையும்:

சின்னவனைப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை. நாலு வயதுக்கு ஒரு வேலை பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாங்கினாலே பெரிது. ஆகவே "நீ உதவி பண்ணு" என்று அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் இருவருக்கும் கெடும். அதே பொருளில் அவனுக்கென்று தனி வேலை இருக்க வேண்டும். அக்கா தேயிலையை எடை போடும்போது அவன் ஒரு இலை, ரெண்டு இலை, மூணு இலை என்று மூன்று தட்டில் பிரிக்கட்டும். அக்கா வெப்பமானியைப் படிக்கும்போது அவன் உருளைக்கிழங்கைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கட்டும்.

எழுத்துக்குத் தட்டில் ரவை பரப்பி விரலால் எழுதச் சொல்வார்கள். ஈரக்காற்றில் ரவை கட்டியாகி எழுத்து நிற்காது. வெறும் சட்டியில் 5 நிமிடம் வறுத்து, ஆறவைத்து, அரை செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். முடிந்ததும் டப்பாவில் மூடிவிட்டால் மறுநாள் மீண்டும் வறுக்க வேண்டாம். 'அ'வில் தொடங்காதீர்கள். ட, ப, ம, ய என நேர்கோடும் எளிய வளைவும் உள்ள எழுத்துகள் நாலு வயது விரலுக்கு ஏற்றவை. 'டப்பா' 'படம்' எனச் சொல்லும் சீக்கிரம் வந்துவிடும்.

தராசு ஒன்று செய்யச் சொல்லுவேன். கடையில் வாங்கியது எண்ணைக் காட்டும், செய்தது சமநிலையைக் காட்டும். துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஒரே அளவு சிரட்டைகளை ஒரே நீளக் கயிற்றில் கட்டி, கதவுக் கைப்பிடியில் மாட்டுங்கள். ஹேங்கர் சரியாக வேலை செய்வதற்குக் காரணம், கொக்கி தொங்கும் புள்ளி கைகளுக்கு மேலே இருப்பது. நேர்குச்சியின் நடுவில் துளையிட்டு, சிரட்டைகளை அந்தத் துளைக்கு மேல்மட்டத்தில் கட்டினால் தராசு ஒரு பக்கமாகக் கவிழ்ந்து அப்படியே நின்றுவிடும். இரண்டையும் செய்து காட்டினால் ஏழு வயதுக்குப் புரியும். எடைக்கல்லுக்கு மருந்து மூடி போதும். 10 மி.லி. தண்ணீர் 10 கிராம். மூடியின் எடையைக் கழிக்க, மறுதட்டில் அதே மாதிரி ஒரு வெற்று மூடியை வையுங்கள்.

ஒரு நாள் மலை ரயிலுக்கு விடுங்கள். குன்னூர் வரை 1899, உதகை வரை 1908, நீளம் 46 கி.மீ. மேட்டுப்பாளையம் 326 மீட்டர், உதகை நிலையம் 2,203 மீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு தீப்பெட்டி என்றால் ஒன்று மூன்று பெட்டி, மற்றது 22 பெட்டி. அடுக்கினால் உயரம் கண்ணுக்குத் தெரியும். செங்குத்தான இடத்தில் சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. 120 செ.மீ. பலகையின் ஒரு முனையை 10 செ.மீ. தூக்கினால் அதே சரிவு. பலகையில் சோப்புத் தண்ணீர் தடவி, சக்கரம் வைத்த பொம்மையை ஏற்றிப் பார்த்தால் வழுக்கும். பிறகு அட்டைப் பெட்டியின் மேல்தாளை உரித்து, உள்ளே இருக்கும் நெளிவுப் பட்டையைப் பலகையின் நடுவில் ஒட்டுங்கள். அதே பட்டையை ஒரு டப்பா மூடியைச் சுற்றி நெளிவு வெளியே தெரியும்படி ஒட்டினால் பல்சக்கரம். சுற்றளவில் நெளிவுகள் முழு எண்ணிக்கையில் முடிய வேண்டும். பாதி நெளிவில் வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் தாவும். தாளை உரிக்க ஈரப்படுத்தாதீர்கள், நெளிவு அமுங்கிவிடும், உங்கள் ஊரில் திரும்பக் காயவும் காயாது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் பல்சட்டம் (பல் வைத்த இரும்புப் பட்டை) இருப்பதும், அங்கே நீராவி எஞ்சின் பின்னால் நின்று தள்ளுவதும் ஏன் என்று அவளே யோசிக்கட்டும். இணைப்பு அறுந்தால் பெட்டிகள் எங்கே போகும் என்று மட்டும் கேளுங்கள்.

கோத்தகிரி பெற்றோர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரெண்டு சந்தேகம். வாரம் முழுக்க எந்த நாளில் எதைப் போடுவது? மரத்தடி டப்பாவில் இலை, பூச்சி விழுந்தால் அளவு கெடாதா?

குன்னூர் சாரல்:

ஞாயிறு ராத்திரி விதையை ஊறப் போடுங்க. திங்கள்: டம்ளர் அமைக்கிறது, மாவு கிளறுறது, டப்பா ரெண்டையும் இடம் பார்த்து வைக்கிறது. செவ்வாய் தராசு, 11 மணிக்கு மேல இலை பறிக்கிறது. புதன் தேயிலை, அன்னைக்கு வேற எதுவும் வேண்டாம். வியாழன் உருளைக்கிழங்கும் வெப்பமானியும், டம்ளரைப் படுக்க வைக்கிறதும். வெள்ளி ரயில். செவ்வாய் விடாம மழை கொட்டினா பறிப்பை ஒரு நாள் தள்ளி, வியாழன் வேலையை முன்னாடி கொண்டு வாங்க. நனைஞ்ச இலை ராத்திரிக்குள்ள வாடாது. சனிக்கிழமையைக் காலியா விடுங்க. விட்டுப்போனதும் பிள்ளைகள் திரும்பக் கேட்கிறதும் அதுக்குள்ள வந்துடும்.

டப்பா வாய்க்குப் பழைய நைலான் கொசுவலைத் துண்டைத் தளர்வா, நடுவுல குழி விழுற மாதிரி கட்டுங்க. இழுத்துக் கட்டினா துளி தெறிச்சு வெளியே போகும். ரெண்டு டப்பாவுக்கும் கட்டணும், ஒண்ணுக்கு மட்டும் கட்டினா ஒப்பிட முடியாது. மரத்தடிக்கு அளக்கப் போகும்போது கால்ல அட்டை ஏறும். ஒரு பொட்டலம் உப்பு கையில இருக்கட்டும். காஞ்சொறி இருக்கிற இடத்தைப் பிள்ளைகளுக்கு முன்னாடியே காட்டி வைங்க. பட்டுட்டா தேய்க்காம, ஒட்டுற டேப்பை அந்த இடத்துல ஒட்டி உரிச்சா முள் வந்துடும், அப்புறம் தண்ணியில கழுவலாம்.